பசுமைக்கு மதிப்பெண், துப்புரவுக்கு டெண்டர்: பல்கலைக்கழக வளாகங்களின் சூழலியலும் சாதியும்

ஒரு பல்கலைக்கழகம் தன் வளாகத்தைப் பற்றி இரண்டு ஆவணங்களை எழுதுகிறது. ஒன்று, தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்று அவைக்கு (நாக்) அனுப்பும் தன்மதிப்பீட்டு அறிக்கை. மரங்களின் எண்ணிக்கை, சூரிய மின்தகடுகள், மழைநீர்ச் சேகரிப்பு, உணவகக் கழிவில் இயங்கும் எரிவாயுக் கலன், மாணவர்களின் பசுமைத் தொழில்முனைவு மன்றம் ஆகிய அனைத்தும் அதில் வண்ணப் படங்களுடன் இடம்பெறும். மற்றொன்று, அதே வளாகத்தின் துப்புரவுக்கும் தோட்டப் பராமரிப்புக்கும் ஆள் வழங்க ஒப்பந்ததாரர்களை அழைக்கும் டெண்டர் அறிவிப்பு. அதில் படங்கள் இல்லை. ஓர் ஆளுக்கு மாதம் எவ்வளவு என்ற விலை மட்டுமே கேட்கப்படும். முதல் ஆவணம் பெருமைப்படும் வேலைகளில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் இரண்டாவது ஆவணத்தில்தான் இருக்கிறார்கள். அங்கும் பெயராக இல்லை, எண்ணிக்கையாக இருக்கிறார்கள்.

இந்த இடைவெளி நெடுங்காலமாக இருப்பதுதான். ஆனால் 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, அந்த இடைவெளிக்குச் சட்டத்தின் முத்திரையும் கிடைத்துவிட்டது. வளாகங்களில் 'பசுமைத் தொழில்முனைவு' என்ற சொல் பெருகிவரும் இதே காலத்தில், பசுமைக்கான அன்றாட உழைப்பைச் சட்டம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை மாணவர்களும் இயக்கத் தோழர்களும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மதிப்பெண் கணக்கில் யார் இல்லை?

நாக் அமைப்பு கல்வி நிறுவனங்களை 1000 மதிப்பெண்களுக்கு மதிப்பிட்டுவந்த முறையில், நிறுவன விழுமியங்களுக்கும் சிறந்த நடைமுறைகளுக்குமான ஏழாவது அளவுகோலுக்கு 100 மதிப்பெண்கள். மாற்று எரிசக்தி, கழிவு மேலாண்மை, நீர்ச் சேமிப்பு, பசுமை வளாக முயற்சிகள், பசுமைத் தணிக்கை ஆகியவை இதன் கீழ் வருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 'சதத்' என்ற பெயரில் சூழலுக்கு உகந்த வளாகங்களுக்கான வழிகாட்டு நெறியை வெளியிட்டது. இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய 'கிரீன்மெட்ரிக்' என்ற உலகத் தரவரிசையிலும் நம் நாட்டு நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. உள்கட்டமைப்பு, ஆற்றல், கழிவு, நீர், போக்குவரத்து, கல்வி என்ற ஆறு தலைப்புகளில் அது மதிப்பெண் வழங்கிவந்தது. கழிவுக்கு மட்டும் 18 சதவீதம்.

இந்த அளவுகோல்கள் கழிவின் எடையைக் கேட்கின்றன, கலனின் கொள்ளளவைக் கேட்கின்றன. கழிவைப் பிரித்தவர் யார், அவர் யாருடைய பணியாளர், என்ன கூலி பெறுகிறார், கையுறை இருந்ததா என்று கேட்பதில்லை. எதற்கு மதிப்பெண் உண்டோ அதற்குத்தான் நிதி ஒதுக்கப்படும். ஆகவே எரிவாயுக் கலன் வாங்கப்படுகிறது. அதை இயக்கும் பெண்ணுக்கு ஓய்வறை கட்டப்படுவதில்லை.

சட்டம் சொல்வதையும் நடப்பதையும் ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவை உருவாக்கும் கல்வி நிறுவனங்களைப் பெருங்கழிவு உற்பத்தியாளர் என வரையறுத்தன. கழிவைப் பிறக்கும் இடத்திலேயே பிரிக்கும் கடமையை உற்பத்தியாளர் மீதே சுமத்தின. பயன்படுத்திய நாப்கின்களைத் தனியே பொதிந்து தர வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. சட்டத்தின் பார்வையில், விடுதி அறையில் இருக்கும் மாணவரும் துறை அலுவலகத்தில் இருக்கும் பேராசிரியரும்தான் கழிவைப் பிரிக்கக் கடமைப்பட்டவர்கள். நடைமுறையில் அக்கடமை ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, அதிகாலையில் தொட்டியைக் கவிழ்த்துச் சோற்றையும் பிளாஸ்டிக்கையும் நாப்கினையும் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரிடம் வந்து நிற்கிறது. மூன்று வண்ணத் தொட்டிகள் வைத்ததற்கு நிறுவனம் மதிப்பெண் பெறுகிறது. மூன்றிலும் ஒன்றாகக் கலந்து கிடப்பதைப் பிரிப்பவர் கணக்கில் வருவதில்லை.

அந்தப் பணியாளர் பெரும்பாலும் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. கழிவுநீர்த் தடங்களிலும் தொட்டிகளிலும் வேலை செய்வோரை 'நமஸ்தே' திட்டத்தின் கீழ் ஒன்றிய அரசே பதிவு செய்தது. 2024இல் வெளியான விவரப்படி, பதிவான ஏறத்தாழ 38,000 பேரில் 92 சதவீதத்தினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகத்தினர். பட்டியல் சாதியினர் மட்டுமே ஏறத்தாழ 69 சதவீதம். சூழலியல் எல்லோருக்கும் பொதுவானது, அதில் ஏன் சாதியைக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்போருக்கு இந்த எண்ணே போதுமான விடை. சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பாளர்களையே படிநிலையாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். அந்தப் பிரிவினை பசுமை வளாகத்திலும் அப்படியே தொடர்கிறது.

'மையமற்ற' வேலை: ஒரு சட்டத்தின் அரை நூற்றாண்டு

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 10ஆம் பிரிவு, குறிப்பிட்ட வேலைகளில் ஒப்பந்தமுறையைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. வேலை நிரந்தரத் தன்மை உடையதா, நிறுவனத்துக்கு இன்றியமையாததா என்பவை அதற்கான உரைகற்களுள் சில. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, 1976 டிசம்பர் 9 அன்று ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தன் அதிகார வரம்புக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களைப் பெருக்குதல், கழுவுதல், தூசி துடைத்தல், காவல் காத்தல் ஆகிய வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்பதே அதன் சாரம்.

ஏர் இந்தியா வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்டால் அந்தத் தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் பணியாளர்களாகிவிடுவர் என்று கூறியது. அந்த நம்பிக்கை ஐந்தாண்டுகள்தாம் நீடித்தது. 2001 ஆகஸ்ட் 30 அன்று 'செயில்' வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. 1976ஆம் ஆண்டு அறிவிக்கையையும் அன்றிலிருந்து செல்லாததாக்கியது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று தொழிலாளர் தீர்ப்பாயத்தில் மெய்ப்பித்தால் மட்டுமே தொழிலாளருக்கு வழி உண்டு என்ற நிலை அதன்பின் உருவானது.

இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்புக்கு வருவோம். இதன் 57ஆம் பிரிவு, ஒரு நிறுவனத்தின் 'மையச் செயல்பாடுகளில்' ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைத் தடைசெய்கிறது. கேட்பதற்கு முற்போக்காக இருக்கிறது. ஆனால் 'மையச் செயல்பாடு' என்றால் என்ன என்பதற்கான வரையறையைப் படிக்கும்போது உண்மை விளங்கும். பெருக்குதல், துடைத்தல், எல்லா வகைக் கழிவையும் சேகரித்து அகற்றுதல் உள்ளிட்ட துப்புரவு வேலைகள், நிறுவனமே அந்த நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டிருந்தாலன்றி, மையச் செயல்பாடுகள் ஆகமாட்டா என்று அது பெயர் சொல்லி விலக்குகிறது. அதே பட்டியலில் தோட்ட வேலையும் புல்வெளிப் பராமரிப்பும் தனி இனமாக இடம்பெறுகின்றன. உணவகம், காவல், சலவை ஆகியவையும் உண்டு.

இந்தப் பட்டியலை நாக் அறிக்கையின் ஏழாவது அளவுகோலுக்கு அருகில் வைத்துப் படியுங்கள். கழிவு மேலாண்மையும் பசுமைப் பரப்பும் அங்கே நிறுவனத்தின் விழுமியங்கள். இங்கே அவை நிறுவனத்துக்கு இன்றியமையாதவை என்றுகூட ஏற்கப்படாத வேலைகள். 1976இல் ஒப்பந்தத்துக்கு விடக் கூடாது என்று பட்டியலிடப்பட்ட அதே பெருக்கும் வேலை, இன்று ஒப்பந்தத்துக்கு விடலாம் என்று பட்டியலிடப்பட்டிருக்கிறது. அரை நூற்றாண்டில் சட்டம் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது.

வரம்பு எண்ணும் மாறியிருக்கிறது. பழைய சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. புதிய தொகுப்பின் ஒப்பந்தத் தொழிலாளர் இயல் பொருந்த 50 பேர் வேண்டும். முப்பது தூய்மைப் பணியாளர்களையும் தோட்டப் பணியாளர்களையும் கொண்ட நடுத்தரக் கல்லூரி ஒன்று முன்பு சட்டத்துக்குள் இருந்தது. இன்று அந்த இயலுக்கு வெளியே நிற்கிறது.

நீதிமன்றம் திறந்து வைத்திருக்கும் கதவு

நம்பிக்கை தரும் தீர்ப்புகளும் இதே காலத்தில் வந்திருக்கின்றன. 2024 டிசம்பர் 20 அன்று 'ஜக்கோ எதிர் இந்திய ஒன்றியம்' வழக்கில், மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த தூய்மைப் பணியாளர்களையும் தோட்டப் பணியாளர் ஒருவரையும் நீக்கியது செல்லாது என்றும், அவர்களை நிரந்தரப்படுத்த வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பெருக்குவதும் தோட்டத்தைப் பேணுவதும் அலுவலகத்தின் அன்றாட இயக்கத்துக்கு இன்றியமையாத, தொடர்ச்சியான வேலைகள் என்பதே தீர்ப்பின் அடித்தளம். 2025 ஜனவரி 31 அன்று 'ஸ்ரீபால் எதிர் காசியாபாத் மாநகராட்சி' வழக்கில் தோட்டப் பணியாளர்கள் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டனர். அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்ற மாநகராட்சியின் வாதம், அதற்கான ஆவணம் இல்லாததால் எடுபடவில்லை. 2025 ஆகஸ்ட் 19 அன்று 'தரம் சிங்' வழக்கில், உத்தரப் பிரதேச உயர்கல்விப் பணிகள் ஆணையத்தின் கடைநிலை ஊழியர்களை முறைப்படுத்த ஆணையிட்ட நீதிமன்றம், நிதி நெருக்கடி என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டி அரசு தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று தெளிவுபடுத்தியது.

இத்தீர்ப்புகளை நாம் மிகைப்படுத்திக்கொள்ளக் கூடாது. ஜக்கோ வழக்கின் பணியாளர்களை அலுவலகமே நேரடியாக அமர்த்தியிருந்தது. ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர்களுக்கு 'செயில்' தீர்ப்பு இன்னும் தடைக்கல்லாகவே நிற்கிறது. ஒப்பந்தம் கண்துடைப்பு என்பதை அவர்கள் மெய்ப்பித்தாக வேண்டும். ஒப்பந்ததாரர் பலமுறை மாறியும் அதே பணியாளர்கள் அதே வளாகத்தில் தொடர்வது, வேலையைப் பல்கலைக்கழக அதிகாரியே மேற்பார்வையிடுவது, விடுப்பைத் துறைத் தலைவரே வழங்குவது ஆகியவை அதற்கான சான்றுகள். வருகைப் பதிவேட்டின் ஒரு நகல், பழைய அடையாள அட்டை, மேற்பார்வையாளரின் கையொப்பமிட்ட ஒரு துண்டுச் சீட்டு ஆகியவை பத்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு வழக்கைத் தாங்கி நிற்கக்கூடும்.

இத்தீர்ப்புகள் அரசை வேலையளிப்பவராகக் கொண்டு, அரசியல் சாசனத்தின் சமத்துவ உரிமையை அடிப்படையாக வைத்து எழுதப்பட்டவை. சட்டத்தொகுப்பின் விலக்குப் பட்டியல் ஒப்பந்தமுறையை அனுமதிக்கலாம். சமத்துவ உரிமையை அழிக்க முடியாது. ஆகவே அரசுப் பல்கலைக்கழகங்களில் போராடுவதற்கு இன்னும் களம் இருக்கிறது. தனியார் கல்லூரிகளில் அது மிகக் குறுகலானது. அங்கும் ஒன்று உண்டு: புதிய தொகுப்பு பொருந்தும் இடங்களில், ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் அதைத் தரும் பொறுப்பை 55ஆம் பிரிவு முதன்மை வேலையளிப்பவர் மீதே வைக்கிறது.

தொட்டிக்குள் இறங்கும் பசுமை

பல வளாகங்கள் நகரப் பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் அமைந்துள்ளன. விடுதிகளின் கழிவு, கழிவுநீர்த் தொட்டிக்கோ வளாகத்தின் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ செல்கிறது. சுத்திகரித்த நீரைப் புல்வெளிக்குப் பாய்ச்சுவது பசுமை அறிக்கையில் சிறப்பாக எழுதப்படும். அந்த நிலையத்தின் தொட்டியில் அடைப்பு ஏற்படும் நாளில்தான் சாதி தன் முழு உருவத்தைக் காட்டுகிறது.

கையால் மலம் அள்ளுவோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், அண்ணலின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 7ஆம் பிரிவு, சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ அபாயகரமான துப்புரவுக்கு எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. 'மறைமுகமாக' என்ற அந்தச் சொல், ஒப்பந்ததாரரைக் கைகாட்டித் தப்பிக்கும் பதிவாளருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் எதிரானது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுகள் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட இயலாத குற்றம் இது. 2015ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ளச் செய்வதோ அதற்கு அமர்த்துவதோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

இழப்பீடு பற்றியும் தெளிவு வேண்டும். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் 10 லட்சமாக இருந்த மலக்குழி மரண இழப்பீட்டை, 2023 அக்டோபர் 20 அன்று 'பல்ராம் சிங்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். பிற ஊனத்துக்குக் குறைந்தது 10 லட்சம். ஒரு மரணம் நிகழ்ந்த பின் 'குடும்பத்துக்கு உதவித்தொகை' என்று சிறு தொகையைத் தந்து வெள்ளைத்தாளில் கையொப்பம் வாங்குவது இன்றும் நடக்கிறது. 30 லட்சம் என்பது கருணைத் தொகையாகாது. அது குடும்பத்தின் உரிமை.

தொழில் வளர் காப்பகத்தின் வாசலில்

இனிப் பசுமைத் தொழில்முனைவுக்கு வருவோம். உணவகக் கழிவிலிருந்து உரம், பழைய தாளிலிருந்து குறிப்பேடு, மின்னணுக் கழிவுச் சேகரிப்பு, சூரிய உலர்த்தி, துணிப்பை என்று வளாகங்களில் மாணவர் முயற்சிகள் பெருகியிருக்கின்றன. அவற்றில் ஆர்வமுள்ள மாணவர்களின் நோக்கத்தை நாம் ஐயப்படவில்லை. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலியின் 400 ஏக்கர் நிலத்தில் மரங்கள் வெட்டப்பட்டபோது மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்த ஆணையிட்டது. ரோஹித் வெமுலாவின் நினைவைச் சுமக்கும் வளாகம் அது. சூழலியலும் சமூக நீதியும் ஒரே மண்ணில் நிற்க முடியும் என்பதற்கு அந்த வளாகத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நம் கேள்வி மூலதனத்தையும் உடைமையையும் பற்றியது. மத்தியக் கல்வி நிறுவனங்களின் மாணவர் சேர்க்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இடஒதுக்கீடு உண்டு. ஆனால் பல பல்கலைக்கழகங்களின் தொழில் வளர் காப்பகம், நிறுவனங்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ் தனி நிறுவனமாகப் பதிவு செய்யப்படுகிறது. இடஒதுக்கீட்டில் வகுப்பறைக்குள் வந்த மாணவர், காப்பகத்தின் வாசலில் மீண்டும் 'தகுதி'யின் முன் நிற்கிறார். இடமும் கட்டடமும் பொதுப் பணத்தில் உருவானவை. தேர்வுக் குழுவோ தொடர்புகளாலும் ஆங்கிலச் சரளத்தாலும் ஆனது. கல்வி உதவித்தொகை வந்து சேராமல் விடுதிக் கட்டணத்துக்கு அலையும் மாணவருக்கு, ஓராண்டு வருமானமின்றி ஒரு 'யோசனை'யை வளர்க்கும் ஓய்வு எங்கிருந்து வரும்?

இதை அரசும் அறியாமல் இல்லை. 2020 செப்டம்பர் 30 அன்று தொடங்கப்பட்ட அம்பேத்கர் சமூகப் புத்தாக்க மற்றும் தொழில் வளர்ப்பு இயக்கம், நான்கு ஆண்டுகளில் 1,000 பட்டியல் சாதி இளைஞர்களை உயர்கல்வி நிறுவனங்களின் காப்பகங்கள் வழியே கண்டறிந்து, மூன்று ஆண்டுகளில் ஒவ்வொருவருக்கும் 30 லட்சம் ரூபாய் பங்கு முதலீடு வழங்குவதை இலக்காக அறிவித்தது. தமிழ்நாட்டில் 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் வழங்குகிறது. உங்கள் வளாகத்தின் தொழில்முனைவு மன்றம் பசுமைத் தொழில் கருத்தரங்கு நடத்தும்போது இவ்விரு திட்டங்களின் பெயர்களும் உச்சரிக்கப்பட்டனவா என்று கவனியுங்கள்.

உடைமை பற்றிய கேள்வி இன்னும் நுட்பமானது. நாம் சட்ட ஆலோசனைக்காகச் சென்ற ஒரு வளாகத்தில், தூய்மைப் பணியாளர்களான பெண்கள் அட்டைப் பெட்டி, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றைச் சேர்த்துக் காயலான் கடையில் விற்றுவந்தனர். குறைந்த கூலிக்கு அது ஒரு துணை. மறுசுழற்சிப் புத்தொழில் நிறுவனம் ஒன்றுடன் நிர்வாகம் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தபின், 'உலர் கழிவு நிறுவனத்தின் சொத்து' என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. பிரிக்கும் வேலை அவர்களிடமே இருந்தது. விற்கும் உரிமை மட்டும் போய்விட்டது. குப்பையாக இருந்தவரை தொடத் தகாததாகவும், விலை வந்ததும் பிறருக்குச் சொத்தாகவும் மாறுகிறது. பசுமைப் பொருளாதாரம் இந்த வழியில் வளர்ந்தால், அது ஏழைகளிடமிருந்து எஞ்சியதையும் எடுத்துக்கொள்ளும்.

புனே காட்டிய வழி

வேறு வழி இருக்க முடியும் என்பதற்குச் சான்று, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்தே தொடங்கிய வரலாறு. 1990களின் தொடக்கத்தில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் புனே வயதுவந்தோர் கல்வித் துறையினர், குப்பை பொறுக்கும் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கச் சென்றனர். குழந்தைகளோடும் தாய்மார்களோடும் பழகிய பின்தான், எழுத்தறிவுக்கு முன் வேலையின் தன்மை மாற வேண்டும் என்பது புரிந்தது. பிரித்த கழிவை நேரடியாகப் பெறும் உரிமைக்காக அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. ஒரு குடியிருப்பில் இந்த ஏற்பாடு நிலைபெற்ற வேளையில், வண்டியுடன் வந்த ஒரு தொழில்முனைவோர் அதே கழிவைச் சேகரிக்கத் தொடங்கினார். பெண்கள் வண்டியை மறித்தனர். பிழைப்பைக் காக்கத் திரள வேண்டும் என்ற பாடம் அங்கே பிறந்தது. 1993 மே மாதம் 800க்கும் மேற்பட்ட குப்பை சேகரிப்போர் கூடிய மாநாட்டிலிருந்து 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற தொழிற்சங்கம் உருவானது. உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் தலித் பெண்கள். பின்னாளில் அவர்களே உடைமையாளர்களாக 'ஸ்வச்' என்ற கூட்டுறவை அமைத்து, புனே மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து வீடுவீடாகக் கழிவு சேகரிக்கும் பணியை ஏற்றனர்.

அந்தப் பல்கலைக்கழகம் செய்த வேலை எளியது: பணியாளர்களிடம் சென்று, அவர்கள் கேட்டதற்குத் துணை நின்றது. அதன் விளைவாகத் தொழில்முனைவோர் ஆனவர்கள் மாணவர்கள் அல்லர்; கழிவைப் பிரித்த பெண்களே. அந்தக் கூட்டுறவுக்கும் குறைகள் உண்டு. மாநகராட்சி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்குமா என்ற நிலையின்மையும், வீட்டினர் தரும் கட்டணத்தைச் சார்ந்திருப்பதும் அதன் தொடர் போராட்டங்கள்.

உடைமையா, வெளியேற்றமா?

இங்கே நம் இயக்கத்துக்குள்ளேயே ஒரு கருத்து முரண் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. கழிவகற்றும் இயந்திரம் வாங்கத் தூய்மைப் பணியாளர்களுக்கு 'நமஸ்தே' திட்டம் கடனும் மானியமும் தருகிறது. சென்னைக் குடிநீர் வாரியமும் கழிவகற்றும் வண்டிகளுக்கு அவர்களையே உரிமையாளர்களாக்கும் திட்டத்தைச் செயல்படுத்தியிருக்கிறது. தொட்டிக்குள் மனிதர் இறங்குவதை இவை குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தந்தை இறங்கிய குழியருகே மகன் இயந்திரத்துடன் நிற்பதை விடுதலை என்று அழைக்கலாமா? சாதி விதித்த தொழிலுக்கு முதலாளி என்ற பெயர் சூட்டினால் சாதி கரைந்துவிடுமா?

நம் நிலைப்பாடு இதுதான். இன்று அந்த வேலையில் இருப்பவர்களுக்கு நிரந்தரப் பணி, பாதுகாப்பு, அவர்கள் பிரிக்கும் பொருளின் மீது உடைமை ஆகியவை உடனே வேண்டும். எதிர்கால விடுதலையைக் காட்டி இன்றைய கூலியை மறுப்பது கொடுமை. அதே வேளையில், அடுத்த தலைமுறைக்குப் பசுமை என்பது கழிவாக மட்டுமே சுருங்கக் கூடாது. சூரிய மின்சாரம், மின்கலன், நீர் மேலாண்மை, சூழலியல் சட்டம், பசுமைத் தணிக்கை என்று மதிப்பும் வருமானமும் உள்ள துறைகள் உள்ளன. தலித் மாணவருக்குக் கழிவு மேலாண்மையும் பிறருக்குச் சூரிய ஆற்றலும் என்று காப்பகங்கள் பிரித்துக்கொண்டால், அது நவீன வருணப் பிரிவினை.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. பசுமைத் தணிக்கையின் பகுதியாகத் தொழிலாளர் தணிக்கையும் நடத்தப்பட வேண்டும். எத்தனை பேர், யார் மூலம், எத்தனை ஆண்டுகளாக, என்ன கூலிக்கு என்பது அறிக்கையில் இடம்பெற வேண்டும். தொடர்ச்சியான துப்புரவு, தோட்ட வேலைகளுக்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் நேரடிப் பணியிடங்களை உருவாக்க வேண்டும். உலர் கழிவின் மீதான முதல் உரிமை அதைப் பிரிப்போரின் கூட்டுறவுக்கு வேண்டும். பொதுப் பணத்தில் இயங்கும் காப்பகங்களின் இடங்களிலும் கொள்முதலிலும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கீடு வேண்டும். ஒன்றிய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும் என்ற கொள்கை ஏற்கெனவே இருக்கிறது. அது பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் ஏன் கூடாது?

பத்து ரூபாயில் தொடங்கலாம்

இவற்றுக்கான முதல் அடியை எந்த மாணவரும் எடுத்து வைக்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்களும் அரசு நிதியில் கணிசமாக இயங்கும் கல்லூரிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஒன்றிய அரசு நிறுவனங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதிலளிக்கக் காலக்கெடு 30 நாள்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. வளாகத்தின் துப்புரவு, தோட்டப் பராமரிப்பு, உணவகம் ஆகியவற்றில் நேரடிப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர்?
2. கடந்த பத்து ஆண்டுகளில் அனுமதிக்கப்பட்ட தூய்மைப் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் நிரப்பப்படாதவை எத்தனை?
3. நடப்பு ஒப்பந்தத்தின் நகல், ஒப்பந்ததாரர் அளித்த கூலிப் பதிவேடு, வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. செலுத்தியதற்கான ஆவணங்கள்.
4. கழிவுநீர்த் தொட்டிகளும் சுத்திகரிப்பு நிலையமும் எந்த இயந்திரத்தால், யாரால், எந்தத் தேதிகளில் சுத்தம் செய்யப்பட்டன?
5. உலர் கழிவை விற்ற தொகை எவ்வளவு, அது எந்தக் கணக்கில் சேர்ந்தது?
6. தொழில் வளர் காப்பகத்தில் இதுவரை இடம்பெற்ற நிறுவனர்களின் சமூகப் பிரிவுவாரி எண்ணிக்கை.

கூலிப் பதிவேடு தனியார் ஒப்பந்ததாரருடையது, தர இயலாது என்ற பதில் பெரும்பாலும் வரும். பொது அதிகார அமைப்பு வேறொரு சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறக்கூடிய தனியார் நிறுவனத் தகவலும் இச்சட்டத்தின் கீழ் தகவல்தான் என்று 2ஆம் பிரிவின் வரையறை சொல்கிறது. மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள். விண்ணப்பத்தை அனுப்புமுன் பணியாளர்களிடம் பேசிவிடுங்கள். பதிவேட்டில் பெயர் வெளிவந்ததால் வேலை போனால் இழப்பு அவர்களுக்குத்தான். அவர்கள் ஒப்பாத எதையும் அவர்கள் பெயரால் செய்யக் கூடாது.

2025 ஆகஸ்ட் மாதத்தில் சென்னை ரிப்பன் மாளிகை முன், இரண்டு மண்டலங்களின் துப்புரவைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் 13ஆம் தேதி நள்ளிரவில் அப்புறப்படுத்தப்படும்வரை இரவு பகலாக அமர்ந்திருந்தனர். வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் அவர்களோடு நின்று கைதாயினர். மாநகராட்சி வாசலில் எழுந்த அதே கேள்வி பல்கலைக்கழகத்தின் வாசலிலும் இருக்கிறது; அங்கே அது இன்னும் உரக்கக் கேட்கப்படவில்லை. உங்கள் வளாகத்துக்குத் தரமதிப்பீட்டுக் குழு அடுத்து வரும்போது மாணவர் பிரதிநிதிகளையும் அழைத்துப் பேசும். அந்த அறைக்கு டெண்டர் அறிவிப்பின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.